அட்டை இல்லாத மாத்திரைகள்

என் அக்கா ஊருக்குக் கிளம்புகிறாள் என்றால் இரண்டு நாள் முன்னாலேயே வீடு அல்லோலகல்லோலப்படும். துணிமணி எடுத்து வைக்கப் பத்து நிமிஷம் போதும் அவளுக்கு. மற்றதற்குத்தான் அந்த இரண்டு நாள். சோப்பைக் கத்தியால் அறுத்து, போகிற நாட்களுக்கு வேண்டிய துண்டை மட்டும் துணிப்பையில் முடிந்துகொள்வாள். பற்பசை டியூப் கூடாது, பல்பொடிதான், அதுவும் எவர்சில்வர் டப்பாவில். எண்ணெய் கண்ணாடிக் குப்பியில், குப்பி உடையாமலிருக்க அதற்கொரு துணி உறை. கனமான ஸ்டீல் பாட்டில் இரண்டு, டம்ளர் இரண்டு, ஸ்பூன் இரண்டு, அடுக்கு டப்பா ஒன்று. எல்லாம் கட்டி முடித்தபிறகு அந்தப் பையைத் தூக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும்.

"இதைத் தூக்கிட்டு நடக்கிறதுக்கு ஊருக்கே போகாம இருக்கலாம்" என்பேன்.

"நீ ஒன்னும் தூக்க வேணாம். உன் மாமா தூக்குவாரு."

மாமாவும் தூக்குவார். அவர் தையல்காரர். தெருவே அவரை டெய்லர் என்றுதான் கூப்பிடும். மிச்சம் விழுந்த துணியிலெல்லாம் அக்காவுக்குப் பை தைத்துக் கொடுப்பதே அவருக்குப் பெரிய சந்தோஷம். சோப்புக்கு ஒன்று, சீப்புக்கு ஒன்று, ஸ்பூனைச் சுருட்டி வைக்க ஒன்று. எதற்கு எது என்று தெரிய ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூலால் தையல் போட்டிருப்பார். "உங்க அக்காவுக்குக் கோயில் கட்டச் சொன்னாலும் துணியில கட்டிடுவேன் மாப்ள" என்று என்னிடம் கண்ணடிப்பார்.

அக்காவின் இந்தப் பிடிவாதம் புத்தகம் படித்து வந்ததில்லை. அவளுக்கு வேலை ரயில் யார்டில். தூரத்திலிருந்து வந்து நிற்கிற வண்டிகளைக் கழுவிப் பெருக்குகிற ஆறு பெண்களுக்கு அவள் மேஸ்திரி. ஒரு வண்டிக்கு எத்தனை மூட்டை காலி பாட்டில் வரும், எத்தனை மூட்டை கப்பும் கவரும் வரும் என்று பெட்டியின் நிறத்தைப் பார்த்தே சொல்லுவாள். பாட்டிலைக் கூட மன்னித்துவிடுவாள், அது காலில் இடறும், எடுத்து மூட்டையில் போட்டுவிடலாம். அவளுக்கு ஜென்ம விரோதி மாத்திரை அட்டை. ஜனங்கள் மாத்திரையைப் பிதுக்கித் தின்றுவிட்டு, காலி அட்டையைச் சீட்டுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் செருகிவிட்டுப் போவார்கள். விரலை விட்டுத்தான் எடுக்கவேண்டும். ஒருமுறை அதன் ஓரம் அவள் ஆள்காட்டி விரலைக் கிழித்து, சீழ் வைத்து, ஒரு மாதம் சோற்றில் கை வைக்க முடியாமல் மாமாதான் ஊட்டினார். அன்றிலிருந்து அவள் கட்டுகிற பையில் மாத்திரை அட்டை ஏறியதில்லை.

மாமாவுக்கு இரண்டு மாத்திரை. காலையில் எழுந்ததும் இதயத்துக்கு ஒன்று. ராத்திரி சாப்பிட்டதும் சர்க்கரைக்கு ஒன்று. இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம், இரண்டிலும் நடுவில் ஒரு கோடு. பயணம் என்றால் அக்கா எல்லாவற்றையும் அட்டையிலிருந்து பிதுக்கி, இரண்டு சின்ன டப்பாக்களில் பிரித்துப் போடுவாள். காலை டப்பாவின் உறையில் சிவப்பு நூல். ராத்திரி டப்பாவில் கறுப்பு நூல். காலி அட்டைகளை யார்டுக்கே எடுத்துப் போய் மூட்டையில் சேர்த்துவிடுவாள். பத்துப் பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான் நடந்தது.

சென்ற வருஷம் மகள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். இரண்டு நாள் ரயில் பயணம். கிளம்புவதற்கு முதல் நாள் பிற்பகல், அக்கா சாப்பாட்டு மேஜையில் துண்டை விரித்து மாத்திரைகளை இரண்டு குவியலாகப் பிதுக்கி வைத்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து வாசல் மணியை அடித்தவன் நான். என் வீட்டு ஏணி அவள் வீட்டில் இருந்தது, அதைக் கேட்டு வந்தேன். வந்தவன் ஏணியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அரை மணி நேரம் வாசலில் நின்று என் மேனேஜரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவளும் சிரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு உள்ளே போய்க் குவியல்களை டப்பாக்களில் போட்டு மூடினாள்.

வண்டியில் இரண்டாம் நாள் காலை மாமா எழுந்து பல் தேய்த்தார். அக்கா சிவப்பு நூல் டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையைக் கொடுத்தாள். அவர் விழுங்கிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் நெற்றியெல்லாம் வியர்த்தது. "ஏதோ மாதிரி இருக்கு" என்றார். அக்கா டம்ளரில் தண்ணீர் ஊற்றித் திரும்புவதற்குள் தலை கண்ணாடியில் சாய்ந்துவிட்டது. அடுத்த ஸ்டேஷனில் டாக்டர் ஏறிப் பார்த்து, மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். அவருக்கு அறுபத்திமூன்று வயது, ஏற்கெனவே இதயத்தில் கோளாறு. யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

அக்காவுக்கு வந்தது. எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போனபிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டு மேஜையில் இரண்டு டப்பாவையும் வைத்தாள்.

"நீ வந்து கூப்பிடும்போது எந்தக் குவியல் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்லடா."

"என்னக்கா பேசற? பத்து வருஷமா பண்ற வேலை."

"அதனாலதான் ஞாபகம் இல்ல. கை பாட்டுக்குப் போட்டு மூடிடுச்சு. மாத்திப் போட்டிருந்தா? கிளம்பின அன்னிக்குக் காலையில வீட்லயே இதய மாத்திரை போட்டாச்சு. ராத்திரி வண்டியில ரெண்டாந்தரமும் அதே. காலையில வெறும் வயித்துல சர்க்கரை மாத்திரை. நான்தானே கையில வெச்சேன்."

நான் புது அட்டைகள் வாங்கி வந்தேன். இரண்டு பேரும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வெயிலில் வைத்துப் பார்த்தோம். என் மனைவியின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டும் பார்த்தோம். டப்பாவில் கிடந்தவை ஓரம் உதிர்ந்து மாவு பூத்திருந்தன. சிவப்பிலிருந்து எடுத்ததும் கறுப்பிலிருந்து எடுத்ததும் எங்களுக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. "டாக்டர்கிட்ட காட்டலாம் வா" என்றேன். கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். தெரிந்துகொள்ளவும் பயம், தெரியாமல் இருக்கவும் முடியவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் என் அக்கா தேய்ந்துகொண்டே போனாள்.

இதில் கொடுமை என்னவென்றால் அந்தப் பெட்டி திரும்பத் திரும்ப வந்தது. ரயில் பெட்டிகளுக்கு எண் உண்டு. அவர்கள் போன பெட்டியின் எண் நானூற்றுப் பதினேழு. நான்கு நாளைக்கு ஒருமுறை அது அவள் யார்டுக்கே கழுவ வரும். அந்தப் பெட்டியை மட்டும் வேறு யாரையும் தொட விடமாட்டாள். மற்ற ஆறு பேரும் கீழே நின்றுவிடுவார்கள். இவள் வாளியும் துணியுமாகத் தனியே ஏறி, ஜன்னலோரச் சீட்டின் இடுக்கில் விரலை விட்டுத் துழாவுவாள். "என்னக்கா தேடற?" என்று கேட்டேன். "ஒன்னும் இல்ல, குப்பைதான்" என்றாள். அவளுடன் வேலை செய்கிற ஒருத்தி என்னிடம் வேறு மாதிரி சொன்னாள். "கண்ணாடியில அவர் தலை சாஞ்ச இடத்துல எண்ணெய்க் கறை தெரியுதாம். தொடச்சுக்கிட்டே இருக்காங்க. நாங்க பாத்தோம், ஒரு கறையும் இல்ல. எங்களுக்கே பயமா இருக்குண்ணே."

வீட்டிலோ, கதவுக்குப் பின்னால் ஆணியில் அந்தப் பயணப்பை அப்படியே தொங்கியது. டப்பாக்கள் அதற்குள்தான். மத்தியானத்தில் வீடு அமைதியாக இருக்கும்போது மாத்திரைகள் டப்பாவுக்குள் உருளுகிற சத்தம் கேட்பதாகச் சொன்னாள். சிரித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போயிருந்தபோது நான் தனியாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறி ஓடவில்லை. கதவு மூடியிருந்தது. பை அசையவில்லை. எனக்கும் கேட்டது. கொஞ்சமாக, இரண்டே தடவை. எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். இதை அவளிடம் நான் சொன்னதில்லை.

இந்த நிலையில்தான் மகளிடமிருந்து போன் வந்தது. தலைப்பிரசவம், ஏழாவது மாதம், டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டாராம். "அம்மாவை எப்படியாவது அனுப்பி வைங்க மாமா, எனக்கு இங்க யாரும் இல்ல" என்று அழுதாள். நான் அக்காவிடம் கெஞ்சினேன், திட்டினேன், தலைகீழாக நின்று பார்த்தேன்.

"அப்பாவை வழியிலயே முடிச்சவ, புள்ளையை ஏந்த எந்த முகத்தோட போவேன்? என் கையால அவளுக்கு ஒரு மாத்திரை எடுத்துக் கொடுக்க முடியுமா? வேணாம்டா, விடு."

அன்றுதான் அந்த வேலையைச் செய்தேன். எங்கள் தெருமுனையில் ஒரு மருந்துக்கடை. கடைக்காரர் முப்பது வருஷமாக அதே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர், அதிகம் பேசமாட்டார். கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாளைக்கு அக்காவைக் கூட்டிட்டு வரேன். டப்பாவுல எது இருந்தாலும் சரி, சரியாத்தான் இருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க சார். ஒரு உசுரு பொழைக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "கூட்டிட்டு வாங்க" என்றார்.

மறுநாள் அவளைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் போனேன். கடைக்காரர் வெள்ளைத் தாளை விரித்து, சிவப்பு நூல் டப்பாவை ஒரு பக்கமும் கறுப்பு நூல் டப்பாவை ஒரு பக்கமும் கொட்டினார். பூதக்கண்ணாடியை எடுத்தார். இடுக்கியால் ஒவ்வொன்றையும் புரட்டினார். அலமாரியிலிருந்து இரண்டு அட்டை எடுத்துப் பிதுக்கிப் பக்கத்தில் வைத்தார். பாதியில் வந்த வாடிக்கையாளர் ஒருவரைக் காத்திருக்கச் சொன்னார். பொய் சொல்லப் போகிற மனிதர் இவ்வளவு நேரம் பார்ப்பாரா என்று எனக்கே சந்தேகம் வந்தது. கடைசியில் நிமிர்ந்தார்.

"அது அது இடத்துலதாம்மா இருக்கு. நீங்க மாத்திப் போடல."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடை வாசல் படியில் உட்கார்ந்து, பத்து மாதமாக அழாத அழுகையை அழுதாள். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. திரும்பி வந்து டப்பாக்களை எடுத்தபோது இரண்டும் காலியாக இருந்தன. "கெட்டுப்போன மாத்திரை வீட்ல இருக்கக் கூடாதும்மா" என்று சொல்லி, கடைக்காரர் தாளோடு மடித்துத் தன் பக்கமிருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்.

அக்கா மகள் வீட்டுக்குப் போனாள். சோப்பை அறுத்தாள், குப்பிக்கு உறை மாட்டினாள், எல்லாம் பழையபடி. நான்கு மாதம் இருந்து, பேத்தியைக் குளிப்பாட்டி எடுத்து, முகத்தில் சதை போட்டுத் திரும்பி வந்தாள். நானூற்றுப் பதினேழாம் எண் பெட்டியை மற்றவர்களும் கழுவத் தொடங்கினார்கள். எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். என் மனைவி கூட, கல்யாணமாகி இருபது வருஷத்தில் முதல்முறையாக, "உங்களுக்கும் கொஞ்சம் மூளை இருக்கு" என்றாள்.

ஆனால் எனக்குத் தூக்கம் போயிற்று. கடைக்காரர் சொன்னது நிஜமா, நான் கேட்டுக்கொண்டதற்காகச் சொன்னதா? நிஜமென்றால் மாத்திரைகளை ஏன் அவ்வளவு அவசரமாகத் தொட்டியில் போட்டார்? அவரிடமே கேட்டுவிடலாம், இருபது அடி தூரம். அவர் என்ன சொன்னாலும் அதுவும் எனக்காகச் சொன்னதோ என்றுதான் இருக்கும். அந்தக் கடையைத் தாண்டும்போது எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்தேன்.

போன மாதம் கம்பெனியில் என்னை வெளியூருக்கு அனுப்பினார்கள். நான் லிஃப்ட் மெக்கானிக். புதுக் கட்டடத்தில் இரண்டு லிஃப்ட் பொருத்த ஆறு நாள் வேலை. எனக்கும் இப்போது இரண்டு மாத்திரை, காலையில் பிரஷருக்கு, ராத்திரி சர்க்கரைக்கு. அக்கா கேள்விப்பட்டதுமே வந்துவிட்டாள்.

"நீ பாட்டுக்கு வழியெல்லாம் பாட்டில் வாங்கிப் போட்டுட்டு வருவ. நான் கட்டித் தரேன்."

என் கண் முன்னாலேயே அட்டைகளைப் பிதுக்கினாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் என்ன அர்த்தம்? ஒன்றுபோலவே இருந்த வெள்ளை மாத்திரைகள், ஆறும் ஆறும், எது எதில் என்று எனக்குப் பிடிபடுவதற்குள் இரண்டு டப்பாக்களில் போய் விழுந்தன. சிவப்பு நூல், கறுப்பு நூல். அவள் முகத்தில் ஒரு பழைய சிரிப்பு இருந்தது.

லாட்ஜ் அறையில் முதல் நாள் காலை சிவப்பு நூல் டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்தேன். என் தொழிலில் மின்சாரத்தை அணைத்துவிட்டேன் என்று யார் சொன்னாலும், நானே டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் கம்பியில் கை வைக்கமாட்டேன். அப்படித்தான் இத்தனை வருஷம் உயிரோடு இருக்கிறேன். மாத்திரையைப் பார்த்தேன். அதற்கு டெஸ்டர் இல்லை. திரும்ப டப்பாவில் போட்டுவிட்டு, கீழே போய்ப் புதிதாக இரண்டு அட்டை வாங்கினேன். ஆறு நாளும் அதிலிருந்துதான் சாப்பிட்டேன்.

திரும்பும் வண்டியில் கை கழுவும் தொட்டிக்கு முன்னால் டப்பாக்களைத் திறந்துகொண்டு நின்றேன். கொட்டிவிட்டால் முடிந்தது. ஆனால் கொட்டினால், மாமாவைக் கொன்றவள் இவள்தான் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போலாகும் என்று தோன்றிவிட்டது. கை வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி உள்ளே வைத்தேன்.

வீட்டுக்குப் போனால் அக்கா எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் பையைப் பறித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பாட்டில், டம்ளர், அடுக்கு டப்பா என்று ஒவ்வொன்றாகக் கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது.

நான் போய்ப் பார்த்தேன். இரண்டு டப்பாவும் திறந்திருந்தன. விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறு. ஆறு.

"மாத்திரை சாப்பிடலையா?"

"சாப்பிட்டேன்க்கா."

"எதை?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழாயை மூடினாள்.

"அன்னிக்கு மருந்துக்கடைக்கு என்னைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி, நீ தனியா போய்ப் பேசினியா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். இல்லை என்பது மூன்றே எழுத்து. அதைக் கூட என்னால் சொல்ல முடியவில்லை.

"போனேன். சரியா இருக்குன்னு சொல்லச் சொன்னேன்."

"அப்புறம் அவர் என்ன சொன்னாரு உன்கிட்ட?"

"ஒன்னும் சொல்லலக்கா. நானும் கேக்கல."

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். என்மேல் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன், கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு வீட்டில் இத்தனை நாள் தனியாக அடைந்து கிடந்தவள், உள்ளே இன்னொரு ஆள் வந்ததைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அப்போ உனக்கும் தெரியாது" என்றாள்.

"தெரியாதுக்கா."

நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். தானும் எதிரில் உட்கார்ந்தாள். மேஜையில் டப்பாக்கள் இரண்டும் திறந்தே கிடந்தன. மூட வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.